மேஜருக்கு நான் திருடன்

மாதேசா, உன் கார்டு வந்தது. தபால்காரர் வழக்கம்போல தானே முதலில் படித்து, டீக்கடையில் நாலு பேருக்குச் சொல்லி, கடைசியாகத்தான் என் கையில் கொடுத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே ஊருக்கெல்லாம் சேதி தெரிந்துவிட்டது. "என்னாப்பா, உம் பையன் பெங்களூர் ரோட்டு கம்பெனியில நாய்க்குப் பாடம் நடத்தறானாமே" என்று கேட்டார்கள். "நடத்தறவரு வாத்தியாரு, எம் பையன் சிலேட்டு. அவன் மேலதான் நாய் எழுதும்" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ காவலுக்கு இருக்கிற கம்பெனிக்கு அல்சேஷன் நாய் வாங்கியிருக்கிறார்கள், அதைப் பழக்க வெளியிலிருந்து ஒரு மாஸ்டர் வருகிறார், சாக்கு கட்டிக்கொண்டு திருடனாக ஓட ஆள் கேட்டார்கள், "எங்கப்பாவே இந்த வேலை செஞ்சவரு" என்று நீ முதலில் கை தூக்கினாய், ஆபீசர் முதுகில் தட்டிக் கொடுத்தார் என்பது வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவணியில் கல்யாணம் முடிந்ததும் கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளேயே வீடு தருகிறார்கள் என்ற இடம் வந்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அவள் ஏன் எழுந்து போனாள் என்பது உனக்குப் புரியாது. உனக்குத் தெரிந்தது பாதிதான். நான் தோட்டத்தில் சாக்கு கட்டிக்கொண்ட வருஷம் நீ கல்லாவியில் உன் மாமன் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது அம்மாவின் கையில் கட்டு இருந்தது. "நாய் கடிச்சிருச்சு, ஓடினேன், அதான்" என்று அவளே சொல்லிவிட்டாள். ஓடினால் நாய் கடிக்கும் என்று நீயும் நம்பிவிட்டாய். அவள் ஓடவில்லை, மாதேசா. ஓரடி கூட எடுத்து வைக்கவில்லை. உன்னிடம் சொன்னால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாய், படிப்பு கெடும் என்று என் வாயைக் கட்டிப் போட்டாள். என் வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். இப்போது நீ சாக்கு கட்டிக்கொண்ட பிறகு அதை அவிழ்க்காமல் இருக்க முடியாது.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் நான் வேலை பார்த்த மாந்தோப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனதைப் பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். அவரை எஜமான் என்றுதான் கூப்பிடுவோம். காய் திருடு போகிறது என்று அவர் ஒரு அல்சேஷன் குட்டி வாங்கி வளர்த்தார். அதற்கு மேஜர் என்று பேர். எனக்கு அந்தத் தோட்டத்தில் இருந்த பேர் "ஏய்". மேஜர் கொஞ்சம் வளர்ந்ததும், அதற்குப் பாடம் சொல்லித்தர கன்டோன்மென்ட்டிலிருந்து அருளப்பன் மாஸ்டர் என்று ஒருத்தரைச் சம்பளம் பேசிக் கூட்டி வந்தார். பட்டாளத்தில் நாய் பழக்கினவர். காக்கி நிஜார், மீசை, கழுத்தில் விசில். நாய்க்கு வாத்தியார் வைப்பதை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. எனக்கு மூன்றாம் வகுப்போடு வாத்தியார் தீர்ந்துபோனார், இந்த நாய்க்கு வாத்தியார் பஸ்ஸில் வந்து இறங்குகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மாஸ்டர் முதல் நாளே ஆட்களையெல்லாம் மரத்தடியில் நிற்க வைத்து, திருடன் வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்றார். ஒருத்தனும் அசையவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பேர். "ஒரு வாட்டி திருடன்னு நின்னா போதும்ணா, அப்பறம் எவன் வீட்ல கோழி காணாட்டியும் நம்ம வூட்டுக் கூடையைத்தான் தூக்கிப் பாப்பாங்க" என்று பக்கத்தில் நின்றவன் முணுமுணுத்தான். மேஸ்திரி கிட்டப்பா என்னைப் பார்த்தார். "நீ போப்பா. உன் மூஞ்சிக்கு வேஷமே வேணாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தேன். "கோழி தேடி வந்தா குழம்பாவே குடுத்து அனுப்பறேன்" என்று வேறு சொன்னேன்.

வேலை இதுதான். இடது கையில் தோளிலிருந்து விரல் வரைக்கும் கந்தல் துணி வைத்துச் சுற்றி, அதன்மேல் சாக்கைத் தைத்துவிடுவார்கள். மார்பிலும் முதுகிலும் சாக்கு. நான் வேலி ஓரமாகப் பதுங்கி வந்து, மாங்காயைத் தொட்டு, கத்திக்கொண்டு ஓட வேண்டும். மாஸ்டர் நீளக் கயிற்றில் பிடித்திருக்கிற மேஜரை விடுவார். அது வந்து கையைப் பிடிக்கும். அவர் "லீவ்" என்றால் விடும். விட்டதும் நான் அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் அது பாய்ந்து வந்தபோது எனக்கு முழங்காலுக்குக் கீழே நனைந்துவிட்டது. வேர்வை என்று சொன்னேன். மாஸ்டர் நல்லவர், "ஆமா மேன், வெயில் ஜாஸ்தி" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கையை நீட்டு, பின்னால் இழுக்காதே, இழுத்தால் பல் ஆழமாக இறங்கும். கீழே விழாதே, விழுந்தால் அதற்குக் கழுத்து எட்டும். கண்ணைப் பார்க்காதே. வேலை முடிந்ததும் அதைத் தடவிக் கொடுக்காதே, சோறு வைக்காதே, நீ கடைசி வரைக்கும் அதற்குத் திருடன். இதெல்லாம் உன் மாஸ்டரும் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் இருப்பதை வைத்துக்கொள்.

ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார். அதை என்னிடம் சொல்லவில்லை, மேஸ்திரியிடம் சொன்னார். "தினம் ஆளை மாத்தணும். ஒரே ஆளு வந்தா நாய் திருடனைக் கத்துக்காது, இந்த ஆளைக் கத்துக்கும்." மேஸ்திரிக்குக் காய் பறிக்கும் அவசரம். "மாங்கா சீசன் சார், ஆளு எங்க இருக்குது? இவனே சிரிச்சிக்கினு வர்றான், அப்பறம் என்னா?" மாஸ்டர் ஆட்களிடம் தானே போய்க் கேட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒருத்தனும் வரவில்லை. எஜமானிடம் சொல்லலாம் என்றால் அவர் பெங்களூரில். கடைசியில் என்னிடம் வந்து, "சரி, ஆளை மாத்த முடியல, துணியாவது தினம் மாத்து. நேத்து சுத்தின துணியை இன்னைக்குச் சுத்தாதே" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். மாஸ்டர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நம் வீட்டில் கந்தலுக்கு என்ன பஞ்சம்? தினம் ஒன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய கிழிந்த சேலை ஒரு நாள், நீ போட்டு முழங்கை போன சட்டை ஒரு நாள், உன்னைத் தூளி கட்டின துணி ஒரு நாள். "இன்னைக்கு அந்த நாய் எந்தத் துணியைத் தின்னுச்சு?" என்று சாயங்காலம் கேட்பாள். "உன் கல்யாணச் சேலைதான் ருசியா இருந்துதாம், இன்னொண்ணு இருக்குதான்னு கேக்குது" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். துணி மாறிக்கொண்டே இருந்தது, மாதேசா. எல்லாத் துணியும் ஒரே வீட்டுத் துணி. ஒரே அடுப்புப் புகை, ஒரே விளக்கெண்ணெய், ஒரே பாயில் படுத்த வியர்வை. மூக்கு இருக்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மாஸ்டருக்கு அந்தத் துணி எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. தோட்டத்துச் சாமான் கொட்டகையிலிருந்து வருகிறதென்று நினைத்திருந்தார். நாங்கள் அவர் சொன்னபடியே செய்கிறோம் என்று நினைத்திருந்தோம்.

அவர் புறப்படுகிற அன்றைக்குத்தான் பேச்சுவாக்கில் அது வெளியே வந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, "வீட்ல துணியெல்லாம் தீந்துபோச்சு மாஸ்டர், இனி பொண்டாட்டி கட்டியிருக்கிறதுதான் பாக்கி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாம் உன் வீட்டுத் துணியா மேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீ இந்தத் தோட்டத்துல இனிமே வேலை செய்யக்கூடாது. உன் வீட்டு ஆளு யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. நான் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றார். சொல்லவும் சொன்னார், நானே பார்த்தேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். பஸ் போனதும் என்னைப் பார்த்து, "ஏமப்பா, நாய் உனக்குச் சீட்டுக் கிழிச்சிருச்சாமே" என்றார். எனக்கும் அது பெரிய வேடிக்கையாகத்தான் பட்டது. இத்தனை கடி வாங்கினவன் நான், என்னையே வராதே என்கிறாரே என்று வீட்டில் வந்து நடித்துக் காட்டினேன். உன் அம்மாவும் நானும் சேர்ந்து சிரித்தோம். வேலையை விட்டால் என்ன சாப்பிடுவது என்று யோசிக்கிற இடத்துக்கு நாங்கள் போகவில்லை. சிரிப்போடு அது முடிந்துபோனது.

அதற்குப் பிறகு மேஜரைப் பகலில் கட்டிப்போட்டு ராத்திரியில் அவிழ்த்துவிட்டார்கள். நான் பகலில் வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். கட்டியிருக்கும்போது அது யாரைப் பார்த்தும் குரைக்காது. என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து நிற்கும். குரைப்பதில்லை, சங்கிலி இழுபட நின்று பார்க்கும், அவ்வளவுதான். "மேஜருக்கு உன் மேல தனி ஆசை" என்பார்கள். நானும் சலாம் வைத்துவிட்டுப் போவேன்.

சீசன் முடிகிற சமயம் எஜமான் பெங்களூரிலிருந்து சிநேகிதர்களைக் காரில் கூட்டி வந்தார். மதியம். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மேஜரை அவிழ்த்துக் கூட்டி வரச் சொன்னார். அது அவர் காலடியில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்தது. "சிட்" என்றால் உட்காருவதும் "ஸ்டே" என்றால் இருப்பதும் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். திருடனைப் பிடிப்பதையும் காட்டுகிறேன் என்று மேஸ்திரியிடம் என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் தோப்பின் அந்தக் கோடியில் கூடை அடுக்கிக்கொண்டிருந்தேன். சாக்கு எங்கே என்று ஒருத்தன் கொட்டகைக்கு ஓடினான். அந்த நேரத்தில் உன் அம்மா எனக்குக் களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு கேட்டு வழியாக உள்ளே வந்தாள். தினமும் வருகிற வழி. மற்ற நாளில் அந்நேரம் மேஜர் சங்கிலியில் இருக்கும்.

கேட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே காய் பறிக்கிற பெண்கள் கும்பலாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஜர் எழுந்தது. யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் நடுவில் புகுந்து, ஒருத்தி இலையைக் கூட மிதிக்காமல், நேராக உன் அம்மாவிடம் போனது. அவள் தலையில் சட்டியை வலது கையால் பிடித்திருந்தாள். கை மேலே தூக்கியிருந்தது. அதற்குக் கற்றுக்கொடுத்தது கை. அந்தக் கையை எட்டிப் பிடித்தது. நான் கோடியிலிருந்து பார்த்தேன். முதலில் அவள் சட்டியை விடவில்லை. இன்னொரு கையால் சட்டியைப் பிடிக்கப் பார்த்தாள். மதியச் சோறு கீழே கொட்டிவிடக் கூடாதென்று. அப்புறம்தான் சட்டி விழுந்தது.

எஜமான் "மேஜர், மேஜர்" என்று கத்தினார். அவருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. எனக்கு வந்தது. ஓடிக்கொண்டே "லீவ், லீவ்" என்று கத்தினேன். அது காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. விடவில்லை. எப்படி விடும்? திருடன் சொன்னால் நாய் கேட்குமா? எத்தனையோ நாள் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறது, ஒரு நாளும் என் வாயிலிருந்து கேட்டதில்லை. அவள் பின்னால் இழுத்தாள். இழுக்காதே என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்குத்தான் சொன்னார்கள். போய்ச் சேர்ந்ததும் என் இடது கையை அதன் வாய்க்கு நேராக நீட்டினேன். சாக்கு இல்லை, துணி இல்லை. அது அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்தது. நான்தான் அசல் திருடன், அதற்குத் தெரியும். இழுக்காமல், விழாமல், மரம் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரத்தில் தானாக விட்டு, உட்கார்ந்து, எஜமானைத் திரும்பிப் பார்த்தது. கற்றதை ஒழுங்காகச் செய்துவிட்ட பிள்ளை போல.

ஓசூர் ஆஸ்பத்திரிக்கு எஜமான் காரில்தான் போனோம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சீட்டில் ரத்தம் படாமல் இருக்கக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்த சாக்கை விரித்தார்கள். நான் கட்டிக்கொள்கிற சாக்கு. அதன்மேல் அவளை உட்கார வைத்தார்கள். தினம் ஒன்றாக இரண்டு பேருக்கும் வயிற்றில் ஊசி போட்டார்கள். என் கையில் தழும்போடு போயிற்று. அவளுக்குப் புண் சீழ் வைத்து, ஆறி, விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. அவள் களி கிண்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பானையைப் பிடித்துக்கொள்கிறேனே, ஆம்பளை அடுப்படியில் என்ன செய்கிறாய் என்று நீ கூடக் கேலி செய்தாயே, அது இதனால்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். "எஜமான் ரொம்ப வருத்தப்பட்டாருப்பா. ஆனா நாய்க்கு உன் வாடை ஆகலையாம். விலை குடுத்து வாங்கினது, பழக்கினது. அதை மாத்த முடியாது. ஆளைத்தான் மாத்தணும்னு சொல்லிட்டாரு" என்றார். மாஸ்டர் கெஞ்சிக் கேட்டபோது மாற்றாத ஆளை அன்றைக்கு மாற்றினார்கள். "அப்ப மேஜர் வேலையில இருக்குதா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். "இருக்கட்டும், அது என்னைவிடப் பெரிய உத்தியோகம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நிம்மதியாகப் போனார். உன் அம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "இப்ப எதுக்கு அந்த ஆளைச் சிரிக்க வெச்சு அனுப்பினே?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். நீ எனக்குப் பிறந்தவன். போகிற இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைப்பாய். அது நல்ல குணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிரிக்க வைக்கிறவனுக்கு வலிக்காது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். அவனையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். அவன் மாட்டேன் என்றால் அதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் உன் ஆபீசரிடம் போய்ச் சொல்லும்போது முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொள். கஷ்டமாக இருக்கும், முன்னதாக ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துப் பழகிக்கொள். தினம் ஒரு ஆள் என்று முறை போட்டால் நானும் ஒரு நாள் நிற்கிறேன், இல்லாவிட்டால் என்னால் முடியாது என்று சொல். துணி கம்பெனி கொடுக்க வேண்டும். உன் பனியன், உன் துண்டு, நம் வீட்டிலிருந்து எடுத்துப் போன போர்வை, ஒன்றும் அந்த நாய் கிட்டே போகக்கூடாது. வேலை போய்விடுமே என்றால், போகட்டும்.

இதுவரைக்கும் எத்தனை நாள் கட்டிக்கொண்டாய் என்று நீ எழுதவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் தப்பித்தாய். அன்றாடம் நீயே நின்றிருந்தால் அந்த நாய் ஏற்கனவே உன்னைக் கற்றுக்கொண்டிருக்கும். அப்படியானால் காம்பவுண்டுக்குள் கொடுக்கிற வீடு உனக்கு வேண்டாம். வருகிற பெண் உன் சட்டையைத் துவைப்பாள், உன் பாயைச் சுருட்டுவாள், உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நடப்பாள். அவள் யார் என்று அந்த நாய்க்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது. நிச்சயத்தன்று உன் அம்மா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே தாம்பூலம் மாற்றியதை நீ கவனித்திருக்க மாட்டாய், சம்பந்தி வீட்டாரும் கவனிக்கவில்லை. நேற்று ராத்திரி அவளாகவே சொன்னாள். "அந்தப் பொண்ணை ஒரு நாள் கூட்டியாரச் சொல்லு. கையைக் காட்டறேன். பாத்துட்டு அவளே சொல்லட்டும், அந்த வூட்ல குடித்தனம் பண்றாளா இல்லையான்னு."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் உன் கம்பெனிக்கு வருகிறோம். தீபாவளிக்கு நீ விட்டுவிட்டுப் போன வேட்டியைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன், அம்மா உன் போர்வையில்தான் படுக்கிறாள். அதனால் உள்ளே வரமாட்டோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் நிற்போம். வாட்ச்மேன்கள் யாராவது உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். நீ வெளியே வா.